வயிற்றுவலியும் நடிப்பும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு எட்டு வயது. ஒன்றரை வருடமாக மாதம் ஒரு தடவையாவது தொப்புளைச் சுற்றி வலி என்று சுருண்டு படுத்துக்கொள்கிறாள். முகம் வெளுத்துவிடும், சில நேரம் வாந்தியும் உண்டு. இரண்டு நாளில் தானாகச் சரியாகி ஓடியாட ஆரம்பித்துவிடுவாள். ரத்தம், மலம், ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. மூன்று டாக்டர்களும் ஒன்றுமில்லை என்கிறார்கள். பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறாள் என்கிறார் கணவர். மாமியார் தொக்கம் எடுக்கச் சொல்கிறார். கோதுமையையும் பாலையும் நானாகவே நிறுத்திவிட்டேன். கோயம்புத்தூர் கூட்டிப்போய் எண்டோஸ்கோப்பி பார்த்துவிடலாமா? எனக்கு அடிக்கடி ஒற்றைத் தலைவலி வரும், அந்த நாட்களில் அவளைக் கவனிக்கக்கூட முடிவதில்லை.

ம., ஈரோடு மாவட்டம்

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த வாரம் தம்பி ஊரிலிருந்து வந்திருந்தான். மத்தியானம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் படுத்திருந்தவன் வயிற்றில் அந்தத் தழும்பு. நாற்பது வருடமாகப் பார்க்கிற தழும்புதான். அன்றைக்கு அதைப் பார்த்ததும் என்னவோ செய்தது. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதுதான் உங்கள் கடிதம்.

தம்பிக்கும் ஏழு வயதில் இப்படித்தான் தொடங்கியது. தொப்புளைச் சுற்றி வலி, வாந்தி, மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி கோலிக்குண்டு. அப்பா வாத்தியார். அவருடைய பள்ளியிலேயே இவனும் படித்தான். வாத்தியார் மகனே மட்டம் போடுகிறான் என்று பேச்சு வந்துவிடுமோ என்ற கவலை அவருக்கு. முதலில் அதட்டினார், அப்புறம் அடித்தார். ஆச்சி தொக்கம் எடுக்கக் கூட்டிப்போனாள், நானும் கூடப் போனேன். அந்த அம்மாள் அவன் வயிற்றை நீவி, குழலை வைத்து ஊதி உறிஞ்சி, ஒரு சோற்று உருண்டையைத் துப்பிக் காட்டினாள். வயிற்றுக்குள் போன சோறு இத்தனை வெள்ளையாகத் திரும்பி வராது என்று ஒன்பது வயதில் எனக்கே தெரிந்தது. உங்கள் மாமியாரிடம் மரியாதையாகவே சொல்லுங்கள், ஆனால் முடியாது என்று சொல்லுங்கள்.

கொஞ்ச நாளில் வலி நின்றுவிட்டது. அப்படித்தான் நாங்கள் நினைத்தோம். நின்றது வலி இல்லை, அவன் சொல்வது. பதினொரு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொப்புளருகே தொடங்கிய வலி இரவுக்குள் வலது அடிவயிற்றுக்கு இறங்கியிருக்கிறது. குடல்வால் வீங்கினால் பெரும்பாலும் அப்படித்தான் நகரும். திங்கட்கிழமை பள்ளிக்குப் போனான். செவ்வாயும் போனான். காய்ச்சலோடு வகுப்பில் சரிந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். குடல்வால் உள்ளேயே வெடித்திருந்தது. அப்பா வார்டு வராந்தாவில் நின்றுகொண்டு "ஏண்டா சொல்லலை, ஏண்டா சொல்லலை" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதனால்தான் 'நடிக்கிறாள்' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அதை உங்கள் கணவர் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மறுத்துப் பேசியதாக ஒரு வரி கூடக் கடிதத்தில் இல்லையே?

பிரிட்டனில் பிரிஸ்டல் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஜான் ஆப்லியும் அவருடைய சக மருத்துவர் நெய்ஷும் ஆயிரம் பள்ளிப்பிள்ளைகளைப் பார்த்து 1958-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஏறக்குறைய பத்தில் ஒரு பிள்ளைக்கு இப்படித் திரும்பத் திரும்ப வரும் வயிற்றுவலி இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் உடம்பில் எந்தப் பழுதும் அகப்படவில்லை. வலி தொப்புளைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்குச் சந்தேகப்படு என்று ஆப்லி சொன்னதை டாக்டர்கள் இன்றும் சொல்கிறார்கள். பழுது இல்லை என்றால் வலி இல்லை என்று அர்த்தமா? குடலுக்கென்றே பத்துக் கோடிக்கும் மேல் நரம்பணுக்கள் இருக்கின்றன. சில பிள்ளைகளுக்கு அந்த நரம்புகள் கூச்சம் மிகுந்தவை. மற்ற பிள்ளை உணராத காற்றும் அசைவும் இவளுக்கு வலியாகப் போய்ச் சேர்கிறது. ஸ்கேனில் உறுப்பின் வடிவம் தெரியும், இது தெரியாது.

உங்கள் ஒற்றைத் தலைவலிக்கு ஸ்கேன் எடுத்தாலும் நார்மல் என்றுதான் வரும். அப்போது நீங்கள் நடிக்கிறீர்களா?

அந்தத் தலைவலியைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மூன்று டாக்டர்களில் ஒருவரிடமாவது சொன்னீர்களா? ஒற்றைத் தலைவலி உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதே கோளாறு வயிற்றில் வருவதுண்டு. வயிற்று மைக்ரேன் என்றே பெயர். முகம் வெளுப்பது, வாந்தி, நடுவில் முழு ஆரோக்கியமான நாட்கள், எல்லாம் அதற்குப் பொருந்துகின்றன. அதுதான் என்று நான் சொல்ல முடியாது, குழந்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவருக்கு இந்த வரி தெரிய வேண்டும்.

எண்டோஸ்கோப்பியையும் அவரே முடிவு செய்யட்டும். எடை குறைவது, வளர்த்தி நிற்பது, மலத்தில் ரத்தம், வலியால் தூக்கத்திலிருந்து எழுவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். வாந்தி பச்சையாக வந்தாலோ, வலி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். யாரைக் கேட்டுக் கோதுமையை நிறுத்தினீர்கள்? நிறுத்திவிட்டு, கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்தால் நோய் இருந்தாலும் நார்மல் என்று வந்துவிடலாம். பாலுக்கும் டாக்டரையே கேளுங்கள். பள்ளிக் கழிப்பறை எப்படி இருக்கிறது என்று அவளிடம் விசாரியுங்கள். நாள் முழுக்க அடக்கி அடக்கி மலம் கட்டிப்போயும் எத்தனையோ பிள்ளைகளுக்கு வயிறு வலிக்கிறது.

நல்ல நாட்களில் காலையில் எழுந்ததும் "வயிறு வலிக்குதா கண்ணு?" என்று கேட்காதீர்கள். கேட்கக் கேட்க அவள் கவனம் அங்கேயே போகும். அவளாக வந்து வலிக்கிறது என்றால் மட்டும் உட்கார வைத்து, எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். தம்பி தன் மகனிடம் அப்படித்தான் கேட்பான். பையன் உள்ளங்கையைத் தொப்புள் மேல் வைத்து வட்டமாகத் தடவிக் காட்டினால், பக்கத்தில் படுத்துக்கொண்டு வெந்நீர்ப் பையை வைத்துவிடுவான். ஒரு விரலால் வலது பக்கம் காட்டினால் எந்த நேரமானாலும் பைக்கை எடுத்துவிடுவான்.

உங்கள் கணவரிடம் இந்தப் பதில் முழுவதையும் காட்ட வேண்டாம். தம்பி செவ்வாய்க்கிழமையும் பள்ளிக்குப் போனான் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா