கேள்வி மேடை: பாரிஸ் போலீஸின் அட்டைப்பெட்டி

கே: ஹிட்லர் ஆட்கள் பிரான்சைப் பிடித்து வைத்திருந்தபோது யூதர்களை வீடு புகுந்து இழுத்துப் போனது பிரெஞ்சு போலீஸ்தானாமே? ஜெர்மன்காரனுக்கு உள்ளூர் போலீஸ் எதற்கு?
(வாசகர், குடியாத்தம்)

ப: அவனிடம் அத்தனை ஆள் இல்லை, ஊரும் தெரியாது. பழைய எண், புதிய எண் இரண்டையும் வைத்துக்கொண்டு சத்துவாச்சாரியில் வீடு தேடும் வெளியூர்க்காரரைப் பார்த்திருப்பீர்கள். பாரிஸில் அந்த அலைச்சலே இல்லை. 1940 செப்டம்பர் 27-ல் வந்த ஜெர்மன் உத்தரவுப்படி அக்டோபர் 20-க்குள் யூதர்கள் பெயர் பதிய வேண்டும். பாரிஸ் வட்டாரத்தில் மட்டும் ஏறக்குறைய 1,50,000 பேர் பதிந்தார்கள். ஆந்த்ரே துலார் என்ற போலீஸ் அதிகாரி அதிலிருந்து அட்டைகள் எழுத வைத்தார். பெயர், தெரு, நாடு, தொழில் என்று நாலு வரிசை. பிரெஞ்சுக் குடிமகனுக்கு நீலம், வெளிநாட்டவருக்கு ஆரஞ்சு, நாடற்றவருக்கு வெளிர்பழுப்பு. தெரு வரிசையை எடுத்தால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று கான்ஸ்டபிளுக்குத் தெரிந்துவிடும்.

ஆட்களைப் பிரெஞ்சு போலீஸே பிடித்துத் தரும் என்று பிரெஞ்சு அரசின் போலீஸ் தலைமைச் செயலர் ரெனே பூஸ்கே ஜெர்மானியரிடம் பேசி முடித்தார். 1942 ஜூலை 16 விடியற்காலையில் சுமார் 4,500 பிரெஞ்சு போலீஸார் கிளம்பினார்கள். அவர்களுக்குக் கொடுத்த குறிப்பைப் படித்தால் வயிற்றைப் பிசையும். ஆளைச் சரிபார்த்தபின் பேச்சு வளர்க்கக் கூடாது. உடம்பு சரியில்லை என்றாலும் விடக் கூடாது. வீடு மொத்தமும் காலியானால் காஸ், கரண்ட், தண்ணீர் மூன்றையும் அடைத்துவிட வேண்டும். வளர்ப்புப் பிராணியைக் கட்டடக் காவலாளியிடம் ஒப்படைக்க வேண்டும். பூனைக்குக்கூட யோசித்திருக்கிறார்கள்!

கே: பட்டியலில் இருந்த அத்தனை பேரும் சிக்கினார்களா?
(வாசகர், ஆற்காடு)

ப: பாதிகூட இல்லை. எடுத்துப்போன அட்டைகள் 27,000-க்கு மேல். இரண்டு நாளில் பிடிபட்டவர்கள் 13,152. போலீஸுக்குள்ளிருந்தே சிலர் முன்கூட்டிச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த எச்சரிக்கையே ஒருவிதத்தில் வினையாயிற்று. 1941 பிடிப்புகளில் ஆண்களை மட்டும் கொண்டுபோனதால், இந்த முறையும் ஆண்கள்தான் ஒளிந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் வீட்டிலேயே இருந்தார்கள். கணக்கைப் பாருங்கள்: ஆண்கள் 3,118, பெண்கள் 5,919, குழந்தைகள் 4,115.

பிரான்சிலேயே நான்சி நகரில் கதை வேறு. அங்கே வெளிநாட்டவர் பிரிவைப் பார்த்த போலீஸ் அதிகாரி எதுவார் விஞெரோனும் அவருடைய ஆட்களும் முதலிலேயே தகவல் கொடுத்துவிட, பட்டியலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தப்பினார்கள். மேலிடத்து உத்தரவு, வேறு வழியில்லை என்று பின்னால் சொன்னவர்கள் நான்சியை ஏன் மறந்தார்களோ!

கே: போருக்குப் பிறகு அந்தப் போலீஸ் அதிகாரிகளுக்கு என்ன ஆயிற்று?
(வாசகர், ராணிப்பேட்டை)

ப: பூஸ்கேக்கு 1949-ல் ஐந்தாண்டு குடிமை உரிமைகள் பறிப்புத் தண்டனை, ஜெர்மானியரை எதிர்த்த ரகசிய இயக்கத்துக்கு உதவினார் என்று கையோடு அதையும் தள்ளுபடி செய்தார்கள். பிறகு வங்கி உத்தியோகம். 1991-ல் மறுபடி குற்றம் சாட்டினார்கள். விசாரணைக்கு முன்பே, 1993-ல், சுட்டுக் கொல்லப்பட்டார்.

பிரான்சில் மட்டும் இப்படி இல்லை. ஜெர்மன் பிடியில் இருந்த நார்வேயில் 1942 நவம்பர் 26 அன்று டாக்ஸிகளை வாடகைக்கு அமர்த்தி ஆஸ்லோ யூதர்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோன வேலையை நடத்தியவர் அந்நாட்டுப் போலீஸ் அதிகாரி க்னுத் ரோட். இரண்டு முறை விசாரித்தார்கள், இரண்டு முறையும் விடுதலை. திரும்பவும் போலீஸ் வேலைக்கே போனார்.