சுருள் குழாய்க்குள் ஒரு மின்கம்பி: கேள்வி பதில்

காயில்டு டியூபிங், அதாவது சுருள் குழாய் வேலையில் எனக்குப் பதினெட்டு வருடம் ஆகிறது. பாதிக்குமேல் வளைகுடாப் பாலைவன எண்ணெய்க் கிணறுகளில் கழிந்தது. குழாய்க்குள் கேபிள் ஓட்டி மின்சாரத்தால் இயக்கும் கருவிகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்து எழுதுகிறேன். காயில்டு டியூபிங்கை வேலையிடத்தில் சி.டி. என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே.

பெட்ரோலியப் பொறியியல் மாணவி, சென்னை: சார், பாடத்தில் சி.டி. பற்றி இரண்டு பக்கம்தான் இருக்கிறது. அது என்ன, அதற்கு மின்சாரம் எதற்கு?

இணைப்பே இல்லாத ஒரே நீள எஃகுக் குழாய், பெரிய ரீலில் சுற்றி லாரியில் வரும். 1 அங்குலம் முதல் 3½ அங்குலம் வரை உண்டு. கூஸ்நெக் என்ற வளைவின்மேல் ஏறி வரும் அந்தக் குழாயை, இன்ஜெக்டரின் இரண்டு சங்கிலிகள் கவ்விப் பிடித்துக் கிணற்றுக்குள் தள்ளும். கனமான திரவம் நிரப்பிக் கிணற்றை அடக்காமல், அழுத்தம் இருக்கும்போதே இறக்கலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. 1944இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் எரிபொருள் அனுப்ப, மிதக்கும் உருளைகளில் எஃகுக் குழாயைச் சுற்றிக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்த யோசனையின் வாரிசு இது. எண்ணெய்க் கிணற்றுக்கான முதல் முழு யூனிட் 1962இல் அமெரிக்காவில் வந்தது. கிணற்றில் சேர்ந்த மணல் அடைப்பைக் கழுவுவதுதான் அதன் வேலை.

சாதாரண சி.டி.யில் மேலே உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைப்பது மூன்று எண்கள்: பம்ப் அழுத்தம், தொங்கும் குழாயின் எடை, ஆழம். மூன்றுமே தரைமட்டத்தில் அளந்தவை. 3,000 மீட்டர் குழாய் சராசரியாக 50 டிகிரி சூடேறினாலே சுமார் 1.8 மீட்டர் நீளும். அதை மேலே இருக்கும் ஆழமானி பார்ப்பதில்லை. உள்ளே ஒரு கேபிள் இருந்தால் கீழே அளந்ததைக் கீழிருந்தே கேட்டுக்கொள்ளலாம், கருவிக்கு உத்தரவும் அனுப்பலாம்.

வயர்லைன் உதவியாளர்: எங்களிடம் ஏற்கெனவே கேபிள் இருக்கிறதே அண்ணே?

நேர்க்கிணறு என்றால், கேபிளிலேயே கருவியைத் தொங்கவிட்டு இறக்கும் உங்கள் வழிதான் மலிவு, வேகம். சாய்வு 60, 65 டிகிரியைத் தாண்டியதும் கருவி தன் எடையால் இறங்காது. கிணற்றுக்குள் சக்கரத்தில் ஓடும் டிராக்டர் கருவியைக் கட்டி இழுக்கலாம், ஆனால் மணல் கிடந்தால் அது திணறும். சி.டி. தள்ளிக்கொண்டே கழுவவும் செய்யும்.

ஆபரேட்டர், ஓமன்: எடைமானியைப் பார்த்தே பத்து வருடம் ஓட்டிவிட்டேன். கீழே சுமையை அளக்கத் தனியாக ஒரு லோட் செல் வேண்டுமா?

உங்கள் அனுபவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் பழகினேன். ஒரு படுக்கைக் கிணற்றில் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

அடியில் கிணற்றை அடைக்கும் ஒரு பிளக்கைத் தட்டி உட்காரவைக்க வேண்டும். மேலே எடைமானி ஒன்றரை டன் குறைந்து நின்றது. பழைய கணக்குப்படி பிளக்கின்மேல் நல்ல சுமை ஏறியிருக்கிறது, வேலை முடிந்தது. அன்று குழாய்க்குள் கேபிள் இருந்ததால் கீழே லோட் செல்லும் இருந்தது. அதன் திரையில் ஐம்பது கிலோ. இன்னும் அரை டன் இறக்கிப் பார்த்தோம், கீழே எண் அசையவே இல்லை. குழாய் படுக்கைப் பகுதியில் முதலில் பாம்புபோல நெளிந்து, பிறகு ஸ்பிரிங்போலச் சுருண்டு கிணற்றுச் சுவரை அழுத்திக்கொண்டிருந்தது. தள்ளியதெல்லாம் உராய்வில் போனது. இதைத்தான் லாக்-அப் என்கிறோம். மேலே இழுத்து, உராய்வைக் குறைக்கும் திரவம் பம்ப் செய்து மறுபடி இறக்கினோம். திரையில் எண் மெல்ல மெல்ல ஏறி எழுநூறைத் தொட்டபோது கேபினில் யாரும் பேசவில்லை, எல்லார் கண்ணும் அதிலேயே இருந்தது.

லோட் செல் இல்லையென்றால் அந்தப் பிளக் உட்கார்ந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்போம். இந்தக் கருவிகளில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், அடுத்த கேள்வியில் வரும் மின் வால்வையும் விட்டுவிட்டு இந்த அளவுமானியைத்தான் வாங்கச் சொல்வேன்.

சூப்பர்வைசர், சார்ஜா: எஃகுக் குண்டு போட்டே கருவியைக் கழற்றிவிடுகிறோம். எலெக்ட்ரிக் டிஸ்கனெக்ட் எதற்கு?

சரி, நியாயமான கேள்வி. எஃகுக் குண்டைக் குழாய்க்குள் போட்டு, பம்ப் செய்து, அது இருக்கையில் உட்கார்ந்ததும் அழுத்தம் ஏற்றிக் கழற்றுவது எளிமையான முறை. ஆனால் உள்ளே தடித்த கேபிள் கிடந்தால் குண்டு போய்ச்சேரும் என்று நம்ப முடியாது. குழாயில் வரும் திரவத்தைப் பக்கவாட்டில் வெளியே விடும் சர்க்குலேஷன் வால்வுக்கும் இதே கதை. குண்டால் திறக்கும் வால்வு பொதுவாக ஒருமுறை திறந்தால் அவ்வளவுதான். மோட்டாரில் இயங்குவதைத் திறந்து, மூடி, மறுபடி திறக்கலாம். மூடிவிட்டது என்ற பதிலும் மேலே வரும்.

வாங்கும் முன் இரண்டைக் கேளுங்கள்: மின்சாரம் நின்றால் இந்த வால்வு எந்த நிலையில் நிற்கும்? கேபிளே அறுந்தால் கருவியைக் கழற்ற வேறு வழி உண்டா? இழுவையாலோ அழுத்தத்தாலோ கழலும் மாற்று வழி இல்லாத டிஸ்கனெக்டை நான் கிணற்றில் இறக்க மாட்டேன். அப்புறம், கேபிள் இருக்கிறது என்பதற்காக இரட்டை ஃப்ளாப்பர் வால்வை எடுத்துவிட்டு ஓடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கிணற்று அழுத்தம் குழாய்க்குள் ஏறாமல் தடுப்பது அதுதான். மின்கம்பியை அதன் பக்கவாட்டில் கொண்டுபோகும் அமைப்புகள் இருக்கின்றன.

பராமரிப்புப் பிரிவு, குவைத்: ஒவ்வொரு நாலாவது வேலைக்கும் கேபிள் கருவியோடு சேரும் கேபிள் ஹெட் பக்கம் கசங்கிப்போகிறது. காரணம் என்ன?

ஸ்லாக். இதற்காகவே தனியாக எழுத நினைத்திருந்தேன்.

கேபிளைக் குழாயைவிடக் கொஞ்சம் நீளமாக, ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடுதலாகப் போட்டுவைக்கிறோம். 5,000 மீட்டருக்கு 50 மீட்டர். குழாய் நேராகும்போதும் நீளும்போதும் கேபிள் இழுபடாமல் இருக்க அந்தக் கூடுதல் வேண்டும். ஆனால் பம்ப் செய்யும் ஒவ்வொரு முறையும் திரவம் கேபிளையும் கீழே தள்ளுகிறது, புவியீர்ப்பும் சேர்கிறது. ஐம்பது மீட்டரும் கொஞ்சம் கொஞ்சமாக அடியில் போய்க் குவியும். அங்கே நூல்கண்டு சிக்கியதுபோல மடங்கி நெரியும், ரீல் பக்கம் கேபிள் வீணைத் தந்திபோல இறுகும். உங்களுக்குக் கசங்குவது கீழ்முனையில், வேறு சிலருக்கு அறுவது மேல்முனையில். நோய் ஒன்றே.

வேலை முடிந்து குழாய் முழுவதும் ரீலில் இருக்கும்போது, கருவி மாட்டும் முனையிலிருந்து ரீலை நோக்கி வேகமாகத் தண்ணீர் பம்ப் செய்யுங்கள். குவிந்த கேபிள் பின்னால் நகரும். ரீலுக்குள் அது சரசரவென்று உராயும் சத்தத்தைக் காது வைத்துக் கேட்கலாம். இதை எத்தனை வேலைக்கு ஒருமுறை செய்தீர்கள், முனையில் எவ்வளவு வெட்டி எறிந்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். வெட்டிய நீளத்தை ஸ்லாக் கணக்கிலிருந்து கழிக்க மறந்துவிடுகிறார்கள்.

இப்போது பலர் 3 மில்லிமீட்டர் அளவுள்ள, நிக்கல் உலோகக்கலவைக் குழலுக்குள் வைத்த ஒற்றைக் கம்பிக்கு மாறுகிறார்கள். திரவம் அதைப் பெரிதாக இழுப்பதில்லை, அமிலத்தையும் தாங்கும், சிறிய குண்டுகூடப் போகும். ஏழு கம்பி கேபிளோடு அமிலம் பம்ப் செய்வது எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

மின் பொறியாளர்: ஐந்து கிலோமீட்டருக்கு மின்னழுத்தம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

1 மி.மீ. செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 22 ஓம் என்று வையுங்கள். ஐந்து கிலோமீட்டருக்கு 110. அரை ஆம்பியர் ஓட்டினாலே 55 வோல்ட் வழியில் போய்விடும். ஆழத்தில் சூடு ஏறும்போது மின்தடையும் கூடும், 100 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 40 சதவீதம். அதனால் மேலே அதிக வோல்ட், கீழே குறைந்த கரன்ட் என்று வடிவமைப்பார்கள். ஒற்றைக் கம்பி என்றால் குழாயின் எஃகே திரும்பும் பாதை. தரவும் அதே கம்பியில் ஏறி வரும். சுழலும் ரீலுக்கு மின்சாரம் கொடுக்கவும் தரவை எடுக்கவும் ஸ்லிப் ரிங். சிக்னல் விட்டுவிட்டு வந்தால் நான் முதலில் திறப்பது அதைத்தான், பாலைவனத் தூசு அதற்குள்தான் போய்ச்சேரும்.

துளையிடும் பணியில் இருப்பவர்: சி.டி. வைத்து வளைத்துத் துளைக்கிறார்கள் என்கிறார்களே?

அலாஸ்காவின் ப்ரூடோ பே வயல் இதற்குப் பேர்போனது. 1990கள் முதல் அங்கே பழைய கிணறுகளின் உற்பத்திக் குழாயைக் கழற்றாமலே, அதன் வழியாக சி.டி. இறக்கிப் பக்கக் கிளைகள் துளைத்து வருகிறார்கள். சி.டி.யைச் சுழற்ற முடியாது. அதனால் துளைமுனையைச் சுழற்றும் வளைந்த மோட்டாரின் முகத்தைத் திருப்ப ஓரியன்டர் என்ற கருவி வேண்டும். பம்பை நிறுத்தி நிறுத்திப் படிப்படியாகத் திருப்புவது பழைய முறை. மின் ஓரியன்டர், துளைத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பக்கமும் திருப்பும். நைட்ரஜன் கலந்த திரவத்தில் துளைத்தால், துளையிடும் சேற்றுத் திரவத்தின் அழுத்தத் துடிப்பால் தகவல் அனுப்பும் வழக்கமான முறை படுத்துவிடும். வாயு அந்தத் துடிப்பை விழுங்கிவிடும். அங்கே கேபிள்தான் கைகொடுக்கும்.

ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன், நாகப்பட்டினம்: அண்ணா, எனக்கு இந்தத் துறையில் இடம் உண்டா? எதைப் பழக வேண்டும்?

கண்டிப்பாக உண்டு தம்பி. கேபிள் ஹெட் கட்டப் பழகு. கம்பியைச் சீவும்போது ஒரு இழைகூட வெட்டுப்படக் கூடாது. இணைப்பை மூடும் ரப்பர் உறைக்குள் கிரீஸ் ஏற்றும்போது காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. வியர்வைக் கையால் தொட்ட இடம் 120 டிகிரியில், 300 பார் அழுத்தத்தில் ஈரமாக வெளியே தெரியும். கட்டி முடித்ததும் மின்காப்பை அளக்கும் மெக்கர் வைத்துப் பார். நல்ல கேபிள் நூற்றுக்கணக்கான மெகாஓம் காட்டும்.

கிணற்றுச் சுவரை வெடிவைத்துத் துளைக்கும் பெர்ஃபொரேட்டிங் கன் வரும் வேலையில் மட்டும் இன்னொரு பழக்கம் வேண்டும். மெக்கர் சோதனை எல்லாம் கன் இணைப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். இணைக்கும்போது, கேபிளில் மின்சாரம் ஏற்றும் பேனலின் சாவி கன்னை மாட்டுகிறவரின் சட்டைப்பையில் இருக்க வேண்டும், வெல்டிங் நிற்க வேண்டும், ரேடியோவும் மொபைலும் அணைந்திருக்க வேண்டும். கன் தரைக்குக் கீழே 60 மீட்டர் தாண்டும்வரை கேபிளில் மின்சாரம் ஏற்றுவதில்லை. கம்பெனிக்காரர் பக்கத்தில் நின்று நேரமாகிறது என்று அவசரப்படுத்தினாலும் சாவியை யாரிடமும் கொடுக்காதே.