முகத்துக்கு ஒத்துக்கொண்ட க்ரீம் காலுக்கு ஏன் ஆகவில்லை?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. கணுக்காலுக்கு மேலே வெரிகோஸ் புண் வந்து பல மாதங்களாக ஆறவில்லை. மருந்துக் கடையில் வாங்கிய ஒரு களிம்பைப் போட்டு வந்தோம். மூன்றாவது வாரத்தில் புண்ணைச் சுற்றி அரிப்பும் நீர்க்கசிவும் வந்துவிட்டன. களிம்பில் உள்ள லனோலின் காரணமாக இருக்கலாம், பேட்ச் டெஸ்ட் எடுப்போம் என்கிறார் தோல் மருத்துவர். ஆனால் அம்மா முகத்துக்கும் உதட்டுக்கும் போடும் க்ரீமிலும் லனோலின் இருக்கிறது, அங்கே ஒன்றும் ஆவதில்லை. களிம்பை ஒரு ராத்திரி முன்னங்கையில் தடவியும் பார்த்தோம், எதுவும் வரவில்லை. ரத்தப் பரிசோதனையில் இது தெரியாதா? முதுகில் எதையோ ஒட்டிக்கொண்டு குளிக்காமல் இருக்க அம்மா சம்மதிக்க மாட்டேன் என்கிறார்.
– ஒரு வாசகி, தேனி

பதில்: அன்புள்ள சகோதரி, அம்மாவை எப்படியாவது சம்மதிக்க வையுங்கள். இந்தக் கேள்விக்கு ரத்தப் பரிசோதனையில் விடை கிடைக்காது. தும்மல், தடிப்பு போல உடனே வரும் ஒவ்வாமைக்குத்தான் அது உதவும். அம்மாவுக்கு வந்திருப்பது களிம்பு பட்ட இடத்தில் மெதுவாகக் கிளம்பும் வகை. ரத்த வெள்ளணுக்களில் ஒரு பிரிவு அந்தப் பொருளை அடையாளம் கண்டு தோலுக்கு வந்து சேரவே இரண்டு மூன்று நாள் ஆகும். நீங்கள் ஒரு ராத்திரி தடவிப் பார்த்து ஒன்றும் வராததை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

முகத்துக்கு ஆகிறது, காலுக்கு ஆகவில்லை என்கிறீர்களே, தோல் மருத்துவர்களையே பல காலம் குழப்பிய விஷயம் அது. ‘லனோலின் புதிர்’ என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். லனோலின் என்பது செம்மறி ஆட்டின் ரோமத்தைக் கழுவும்போது பிரித்தெடுக்கும் மெழுகு. நல்ல தோலில் போட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. வெரிகோஸ் புண்ணைச் சுற்றியுள்ள தோல் அப்படி அல்ல. அது ஏற்கெனவே பழுதாகிக் கிடக்கிறது. அதன்மேல் மாதக்கணக்கில் களிம்பைப் பூசிக் கட்டும் போட்டு மூடி வைக்கிறோம், மருந்து உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வாமை அங்கேதான் பிறக்கிறது. 2023-இல் அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் லனோலினை ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. அதற்காக முகக் க்ரீமைப் பார்த்து எல்லோரும் பயப்பட வேண்டாம். கால்புண் உள்ளவர்களும் கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோய் உள்ளவர்களும்தான் கவனமாக இருக்க வேண்டும்.

சரி, பேட்ச் டெஸ்ட்டில் என்ன செய்வார்கள்? இதை முதலில் செய்து காட்டியவர் யோசெஃப் யாடசோன் என்ற ஜெர்மன் தோல் மருத்துவர், 1895-இல். இன்றும் அடிப்படை அதேதான். ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களை வாசலினில் கலந்து சின்னச் சின்ன வட்டத் தட்டுகளில் வைத்து மேல் முதுகில் ஒட்டுவார்கள். ஊசி கிடையாது, வலிக்காது. லனோலினுக்குப் பதில் அதிலிருந்து எடுக்கும் ‘ஊல் ஆல்கஹால்’ 30 சதவீதம் கலந்து வைப்பது வழக்கம். இந்த டெஸ்ட்டில் வழக்கமாக வைத்துப் பார்க்கும் பொருட்களின் நம் நாட்டு அடிப்படைத் தொகுப்பிலும் அது இருக்கிறது. திங்களன்று ஒட்டினால் புதனன்று எடுத்துப் பார்ப்பார்கள், வெள்ளியன்று மறுபடி பார்ப்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமையை மட்டும் தவறவிடாதீர்கள். புதனன்று ஒன்றும் இல்லை என்றதும் திரும்பிப் போகாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. வெறும் எரிச்சலால் வந்த சிவப்பு புதனிலிருந்து வெள்ளிக்குள் மங்கும். உண்மையான ஒவ்வாமை இன்னும் கூடும். நியோமைசின் போன்ற சில மருந்துகளுக்கு ஏழாவது நாள்தான் தெரியும். புண் களிம்புகளில் நியோமைசின் சகஜம் என்பதால், குற்றவாளி லனோலின் அல்லாமல் அதுவாகவும் இருக்கலாம். நம் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் மருத்துவர் விரலால் தடவி வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்று கேட்காமல் நேரில் கூட்டிப் போங்கள்.

குளிக்கவே கூடாது என்பதில்லை, முதுகு மட்டும் வெள்ளி வரை நனையக் கூடாது. இடுப்புக்குக் கீழே தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மற்ற இடங்களை ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் அம்மா ஒத்துக்கொள்வார். ஒட்டும் அன்று முதுகில் எண்ணெய் இருக்கக் கூடாது, பிளாஸ்டர் நிற்காது. வியர்த்தாலும் கழன்றுவிடும், அதனால் கடும் வெயில் நாட்களைத் தவிர்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அம்மா ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முடிவு மறைந்துபோகலாம். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒட்டிய இடத்தில் அரித்தாலும் சொறியக் கூடாது. சில வாரம் கறுப்புத் தழும்பு இருக்கலாம்.

அதுவரை அந்தக் களிம்பை நிறுத்திவிடுங்கள். வேறு என்ன போடுவது என்று மருத்துவரிடமே கேளுங்கள். காலுக்கு அழுத்தக் கட்டுப் போடச் சொல்லியிருந்தால் அதை விடக் கூடாது. புண்ணை ஆற்றுவதில் அதற்குத்தான் பெரிய பங்கு. காலில் சூடும் சிவப்பும் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ டெஸ்ட் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே கூட்டிப் போங்கள். அது கிருமித் தொற்றாக இருக்கலாம்.

லனோலின்தான் என்று உறுதியானால், காலுக்கு அது கலந்த எதுவும் வேண்டாம். டியூபில் ஊல் ஃபேட், ஊல் வேக்ஸ், அடெப்ஸ் லானே என்று வேறு பெயர்களிலும் அச்சிட்டிருப்பார்கள். முகத்தில் தொந்தரவு இல்லாதவரை அந்தக் க்ரீமைத் தொடரலாமா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். ஊல் ஆல்கஹால் மட்டும் வைத்தால் சில சமயம் லனோலின் ஒவ்வாமை பிடிபடாமல் போவதும் உண்டு. அதனால் அம்மா போட்ட களிம்பையே ஒரு தட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். திங்கட்கிழமை போகும்போது அந்த டியூப், பழைய காலி டியூப்கள், கட்டுத் துணி, உதட்டுக் க்ரீம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.