அடுத்தவர் கோடு நம்பரில் மூன்று வருட உழைப்பு

கேள்வி: பிளஸ் டூ முடித்துவிட்டு, ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் ஒருவரின் அலுவலகத்தில் மூன்று வருடமாக மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். ஆரம்பத்தில் ரசீது எடுப்பது, பிரீமியம் தேதியை ஞாபகப்படுத்துவது மட்டும்தான் என் வேலை. இப்போது சார் வெளியூர் போனால் நானே பாலிசி விளக்கிச் சொல்லி, ஃபாரம் நிரப்பி, கையெழுத்து வாங்குகிறேன். "உனக்கு லைசென்ஸ் எல்லாம் வேண்டாம், என் கோடு (ஏஜென்ட் எண்) இருக்கிறதே" என்கிறார். நான் செய்வது சரியா? இந்தத் துறையிலேயே முன்னேற எனக்கு வழி இருக்கிறதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் சார் சொன்னதில் பாதி சரி. ரசீது எடுக்க, ஃபைல் அடுக்க, முகவரி மாற்ற விண்ணப்பம் கொண்டுபோய்க் கொடுக்க யாருக்கும் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் "இந்த பாலிசி உங்களுக்கு நல்லது, எடுங்கள்" என்று ஒருவரிடம் எடுத்துச் சொல்லத் தொடங்கிய நிமிடமே அது ஏஜென்ட் வேலை ஆகிவிடுகிறது. அந்த வேலையை நிறுவனம் முறைப்படி நியமித்த ஆள்தான் செய்யலாம். அவருடைய கோடு அவருக்கு மட்டும்தான், அலுவலகத்தில் இருக்கிற எல்லோருக்கும் சேர்த்துக் கொடுத்ததில்லை. அனுமதியில்லாமல் ஏஜென்டாகச் செயல்படுகிறவருக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று 2015-ல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தியபோது எழுதினார்கள். உங்கள் மாதச் சம்பளத்துக்கு அது பெரிய அடி.

அபராதத்தைவிட எனக்குக் கவலை தருவது அந்த ஃபாரம்தான். உடல்நிலை பற்றிய பக்கத்தை எப்படி நிரப்புகிறீர்கள்? ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துக் காட்டிப் பதில் வாங்குகிறீர்களா, இல்லை வழக்கம்போல் எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டுவிடுகிறீர்களா? எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் கணவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. ஃபாரம் எழுதிய பையன் கேட்கவே இல்லை, "இல்லை" என்று போட்டுவிட்டான். பாலிசி எடுத்து இரண்டு வருடத்துக்குள் அவர் இறந்துபோனார். பழைய மருந்துச் சீட்டுகளைப் பார்த்ததும் நிறுவனம் கிளைமை நிராகரித்தது. மூன்று வருடம் கடந்த பாலிசியை எந்தக் காரணம் காட்டியும் மறுக்க முடியாது என்று சட்டத்தின் 45-வது பிரிவு சொல்கிறது. அதற்குள் மரணம் நடந்தால் ஃபாரத்தில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் தோண்டுவார்கள். அந்த அம்மாவின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் கேள்வியை வாசித்துக் காட்டாமல் ஒரு கட்டத்தையும் நிரப்பாதீர்கள்.

வாடிக்கையாளர் ஊரில் இல்லை என்று அவர் கையெழுத்தை நீங்கள் போடுவது அறவே கூடாது. அது போலிக் கையெழுத்து. அந்தக் குற்றம் நிரூபணமானால் நீங்கள் ஏஜென்ட் ஆகிற தகுதியே போய்விடும்.

பணம் வாங்குகிறீர்கள் என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏஜென்ட் வசூலித்த பிரீமியத்தைக் கமிஷன் கழிக்காமல், முழுத் தொகையாக, 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்தில் கட்ட வேண்டும். வங்கி, தபால் விடுமுறை நாட்கள் மட்டும்தான் கணக்கில் வராது. "நாளை மறுநாள் கட்டிக்கலாம்" என்று மேசை டிராயரில் வைத்த பணத்துக்கு, ஏதாவது ஆகிவிட்டால், முதலில் கைகாட்டப்படுவது உங்களைத்தான். முதல் பிரீமியத்தில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்து ஆள் பிடிப்பதும் 41-வது பிரிவின்படி குற்றம். அதற்கான கவரைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

சரி, உங்கள் முன்னேற்றத்துக்கு வருவோம். நீங்களே ஏஜென்ட் ஆகிவிடுங்கள். பழைய லைசென்ஸ் முறை 2015 திருத்தத்தோடு போய்விட்டது. இப்போது காப்பீட்டு நிறுவனமே நேரடியாக நியமிக்கிறது. 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் இருந்தால் போதும், பிளஸ் டூ முடித்த உங்களுக்கு அதில் தடையே இல்லை. ஐசி 38 என்கிற தேர்வு எழுத வேண்டும். 50 கேள்விகள், 35 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தமிழிலேயே எழுதலாம். மூன்று வருடம் நாமினி, சரண்டர் (பாலிசியைப் பாதியில் முடித்துக்கொள்வது), ரிவைவல் (நின்றுபோனதைப் புதுப்பிப்பது) என்று தினமும் புழங்கியவருக்கு இது கஷ்டமே இல்லை. ஆயுள் காப்பீட்டில் ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான் ஏஜென்டாக இருக்கலாம். அதோடு பொதுக் காப்பீட்டில் ஒன்று, மருத்துவக் காப்பீட்டில் ஒன்று என்று தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

தனி ஏஜென்டாக இருக்க மனம் இல்லையென்றால், வங்கிகள், கார்ப்பரேட் ஏஜென்சிகளில் (ஏஜென்டாகச் செயல்படும் நிறுவனங்கள்) காப்பீடு விற்க நியமிக்கும் பணிகளுக்குப் பிளஸ் டூ போதும், தனியாகப் பயிற்சியும் தேர்வும் உண்டு. ஏஜென்ட்களைச் சேர்த்து மேற்பார்க்கும் டெவலப்மென்ட் ஆபீசர் ஆகிற ஆசை இருந்தால் டிகிரி கேட்பார்கள். தபால் வழியிலாவது இந்த வருடமே சேர்ந்துவிடுங்கள்.

சாரிடம் சண்டை வேண்டாம். "நானும் தேர்வு எழுதுகிறேன் சார், நீங்கள் இல்லாதபோது நான் பேசினாலும் சட்டப்படி இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல மனிதர் என்றால் அவரே டெவலப்மென்ட் ஆபீசரிடம் கூட்டிக்கொண்டு போவார். மறுத்தால், தேர்ச்சி பெறும்வரை ரசீது வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அவர் கோடில் இருக்கும் பாலிசிகளின் ரினியூவல் கமிஷன் (அடுத்தடுத்த பிரீமியங்களுக்கான கமிஷன்) அவருக்குத்தான் போகும், அதில் நீங்கள் பங்கு கேட்க முடியாது. ஆனால் நியமனம் வந்த பிறகு உங்கள் பெயரில் போடுகிற முதல் பாலிசியிலிருந்து கணக்கு உங்களுடையது.