குறும்படம் முடிந்தது, பாட்காஸ்ட் எந்த வடிவில்?

கேள்வி: நான்கு மாணவர்கள் சேர்ந்து எட்டு நிமிடக் குறும்படம் எடுத்தோம். எடுத்த விதத்தை அலசி 10 நிமிட பாட்காஸ்ட் தரவேண்டும். தனியாகப் பேசுவதா, பேட்டியா, நால்வரும் கூடிப் பேசுவதா?

பதில்: நால்வரும் கூடிப் பேசும் எண்ணத்தை முதலில் விடுங்கள். ஆளுக்கு இரண்டரை நிமிடம்கூடத் தேறாது. முகம் தெரியாத நான்கு குரல்களில் யார் இயக்குநர், யார் ஒளிப்பதிவாளர் என்று கேட்பவருக்குப் பிடிபடாது. ஒருவர் பேச்சின்மேல் இன்னொருவர் பேசிவிட்டால் எடிட்டிங்கில் பிரிக்கவும் முடியாது. எல்லாவற்றையும் விட, கூட்டமாக உட்கார்ந்தால் பேச்சு படப்பிடிப்புக் கலாட்டாக்களுக்குப் போய்விடும். அலசல் காணாமல் போகும்.

ஒவ்வொருவருக்கும் தனி மதிப்பெண் என்றால் தனிப்பேச்சு சரி. அப்போதும் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு பேசுங்கள். முழுதாக எழுதிப் படித்தால் கட்டுரை வாசிப்பதுபோல்தான் ஒலிக்கும்.

குழுவுக்கு ஒரே மதிப்பெண் என்றால் பேட்டிதான் எங்கள் தேர்வு. குழுவில் இல்லாத ஒருவர் கேட்கட்டும்; இருவர் பதில் சொல்லட்டும்; மற்ற இருவர் பதிவையும் எடிட்டிங்கையும் பார்த்துக்கொள்ளட்டும். பதில் சொல்ல, படத்தைப் பற்றி உண்மையிலேயே கருத்து வேறுபட்ட இருவரைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அது இயக்கியவரும் எடிட் செய்தவருமாக இருக்கும். கேள்வி கேட்பவர் படத்தையும் ரஃப் கட்டையும் (எடிட்டிங்கின் முதல் வரைவு) முன்பே பார்த்திருக்கவேண்டும்.

கதையைச் சொல்லி நேரத்தைக் கரைக்காதீர்கள். படமெடுக்கும்போது நீங்கள் எடுத்த முடிவுகளில் மூன்றை மட்டும் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் ஒதுக்குங்கள். “அந்தக் காட்சியை ஏன் ஒரே ஷாட்டில் எடுத்தீர்கள்?” என்ற கேள்விக்கு “நன்றாக இருக்கும் என்று தோன்றியது” என்பது பதிலே அல்ல. “வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, ஆங்கிள் மாற்ற நேரமில்லை. மாற்று ஷாட் இல்லாததால் வசனத்தைக் குறைக்க முடியாமல் காட்சி இழுத்தது. அடுத்த படத்தில் கையையோ கதவையோ ஒரு குளோசப் எடுத்து வைப்போம்” என்பதுதான் அலசல். காரணம், விளைவு, மாற்றம் மூன்றும் அதில் இருக்கின்றன.

படத்திலிருந்து 10 முதல் 15 விநாடி ஒலித்துண்டு சேர்க்கலாம். அதற்கு முன், திரையில் என்ன நடக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அது வெறும் சத்தம். 25 நிமிடம் பதிவு செய்து 10 நிமிடமாகச் சுருக்கினால் பேச்சு இறுக்கமாக வரும்.

கேள்வி: போனில் பதிவு செய்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: போன் தூரத்தில் இருக்கிறது, அறையில் வெறுஞ்சுவர் அதிகம். நடுவில் ஒரே போனை வைக்காமல் ஆளுக்கொரு போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரெதிரே வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று மோதும். திரைச்சீலை, மெத்தை, துணி நிறைந்த அறை நல்லது. எல்லா போனையும் ஃபிளைட் மோடில் போடுங்கள்.

தொடக்கத்திலும் முடிவிலும் ஒருமுறை கை தட்டுங்கள். தொடக்கத் தட்டலை வைத்து, ஒவ்வொரு போனிலும் பதிவான டிராக்குகளை ஒன்றோடொன்று பொருத்தலாம். போன்களின் கடிகாரம் நூலளவு வேறுபடுவதால் வரும் விலகலை முடிவுத் தட்டல் காட்டிக்கொடுக்கும். பதிவின் ஒலிமட்டம் காட்டும் அளவியில் பேச்சின் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கட்டும். அதில் பூஜ்யம்தான் உச்ச வரம்பு; அதைத் தொட்டு உடைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. இரைச்சல் நீக்கியையும் அளவோடு பயன்படுத்துங்கள். மிஞ்சினால் குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும்.