டூ-வே ஒப்பந்தம் நிச்சயம் என்கிறார் ஏஜென்ட். மகன் கல்லூரியை விடலாமா?

கேள்வி: டாலஸ் அருகே வசிக்கிறோம். இங்கேயே பிறந்த எங்கள் மகனுக்கு வயது 20. டெக்ஸஸில் ஒரு டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டம்) கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கூடைப்பந்து அணியில் கார்டு இடத்தில் ஆடுகிறான். உயரம் 6 அடி 5 அங்குலம். இந்த சீசன் நன்றாக அமைந்ததால் என்பிஏ டிராஃப்டுக்கு (தொழில்முறைக் கூடைப்பந்து அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) பெயர் கொடுக்கச் சொல்கிறார் ஒரு ஏஜென்ட். "இரண்டாம் சுற்றில் எடுப்பார்கள், எடுக்காவிட்டாலும் டூ-வே ஒப்பந்தம் நிச்சயம்" என்பது அவர் பேச்சு. (டூ-வே என்றால் என்பிஏ அணியிலும் அதன் கீழ்நிலை லீக் அணியிலும் மாறி மாறி ஆடும் ஒப்பந்தம்.) அடுத்த ஆண்டும் இருந்தால் 9 லட்சம் டாலர் தருவதாகக் கல்லூரி சொல்கிறது: 6 லட்சம் கல்லூரியின் விளையாட்டு வருவாயில் பங்கு, 3 லட்சம் வெளி நிறுவன விளம்பரங்கள். டிராஃப்டுக்கு முந்தைய பயிற்சிக்காக வீட்டின் மேல் 60,000 டாலர் கடன் எடுக்கலாமா? பணம் வந்தால் கோவைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வாங்க எனக்கு ஆசை. படிப்பைப் பாதியில் விடுவதில் என் மனைவிக்கு விருப்பமில்லை.

பதில்: பெயர் கொடுக்கட்டும். முதல் சுற்றுக்குள் வருவான் என்றோ, இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில் உத்தரவாதமுள்ள ஒப்பந்தம் கிடைக்கும் என்றோ தெளிவாகத் தெரியாவிட்டால், மே மாத இறுதிக்குள் பெயரைத் திரும்பப் பெற்றுவிட்டு மூன்றாம் ஆண்டு ஆடட்டும். வீட்டுக் கடன் வேண்டவே வேண்டாம்.

டிராஃப்டில் ஆளுக்கு ஆள் கிடைக்கும் பணம் படிப்படியாகக் குறைவதில்லை. முதல் சுற்று முடியும் 30-ஆம் இடத்துக்குப் பிறகு சட்டென்று விழுகிறது. முதல் சுற்றில் தேர்வானவருக்குச் சம்பளம் அட்டவணைப்படி. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு முழு உத்தரவாதம், அடுத்த இரண்டு ஆண்டுகள் அணியின் விருப்பம். அட்டவணைத் தொகையில் 80 முதல் 120 சதவீதம் வரை கொடுக்கலாம் என்பது விதி. பெரும்பாலும் 120-தான் கொடுக்கிறார்கள். 2025 டிராஃப்டில் 30-ஆம் இடத்துக்கே முதல் ஆண்டு சுமார் 27 லட்சம் டாலர். இரண்டு ஆண்டும் சேர்ந்தால் 55 லட்சம் டாலருக்கு மேல். கால் உடைந்தாலும் அந்தப் பணம் வரும். இரண்டாம் சுற்றில் இப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. 2023-இல் வந்த ஒப்பந்த விதிகளுக்குப் பிறகு, 31-லிருந்து சில இடங்கள் வரை மூன்று, நான்கு ஆண்டு ஒப்பந்தங்கள் சகஜமாகியிருக்கின்றன. 40-ஐத் தாண்டினால் பெரும்பாலும் டூ-வே. தேர்வே ஆகாதவருக்கும் டூ-வேதான் கிடைக்கும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

"நிச்சயம்" என்று ஏஜென்ட் சொல்லும் டூ-வே என்ன என்று பாருங்கள். ஓர் அணிக்கு மூன்று இடம். 30 அணிகளுக்கும் சேர்த்து 90. அந்த 90 இடங்களுக்கு இந்த ஆண்டு டிராஃப்டுக்கு வருபவர்கள் மட்டுமல்ல, சென்ற ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் டூ-வேயில் இருந்தவர்களும் போட்டி போடுகிறார்கள். 2025-26 சீசனுக்குச் சம்பளம் 6,36,435 டாலர். புதியவரின் குறைந்தபட்ச என்பிஏ சம்பளத்தில் பாதி. என்பிஏ அணியோடு அதிகபட்சம் 50 ஆட்டங்கள். மற்ற நாட்கள் என்பிஏவின் கீழ்நிலை லீக்கான ஜி லீக்கில். ஜனவரி வரை இந்த ஒப்பந்தத்தில் ஒரு சிறு பகுதிக்குத்தான் உத்தரவாதம் இருக்கும். அதற்குள் அணி கழற்றிவிட்டால் முழுத் தொகையும் வராது. டூ-வேயும் கிடைக்காவிட்டால் எக்ஸிபிட் 10 என்ற பயிற்சி முகாம் ஒப்பந்தம்: முகாமில் விடுவித்த பிறகு அதே அணியின் ஜி லீக் கிளையில் 60 நாள் இருந்தால் சுமார் 85,000 டாலர் வரை ஊக்கத்தொகை. ஜி லீக் சம்பளம் மட்டும் என்றால் 2024-25 சீசன் முழுவதற்கும் 43,000 டாலர்தான்.

இனி வரி போக என்ன மிஞ்சும் என்று கணக்கிடுவோம். 2025 வரி விகிதங்கள், திருமணமாகாதவர், டெக்ஸஸில் மாநில வருமான வரி இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

கல்லூரி தரும் 9 லட்சமும் முழுதாக வந்து, விளம்பரப் பகுதியில் 10 சதவீதம் ஏஜென்டுக்குப் போனால், கையில் நிற்பது ஏறக்குறைய 5.5 லட்சம் டாலர். விளம்பரப் பணம் ஒன்றுமே வராமல் 6 லட்சம் மட்டும் வந்தால் 3.9 லட்சம். டூ-வேயில் சீசன் முழுக்க இருந்தால், 2 சதவீத ஏஜென்ட் கட்டணமும் போக 4.1 லட்சம், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் ஆடும் ஆட்டங்களுக்கு அங்கே வரி கட்ட வேண்டும் என்பதால் இன்னும் கொஞ்சம் குறையும். கல்லூரியின் மோசமான நிலையும் டூ-வேயின் நல்ல நிலையும் கிட்டத்தட்ட ஒன்றாக நிற்கின்றன. கல்லூரிப் பணம் எழுத்து ஒப்பந்தமாக வரக்கூடியது, டூ-வே ஒருவர் வாயில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்விக்கு வேறு பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். 2021 ஜூலைக்கு முன் கல்லூரி ஆட்டக்காரர் தன் பெயரை வைத்து ஒரு டாலர்கூடச் சம்பாதிக்க முடியாது. அன்று ஐரோப்பாவில் ஒரு சாதாரண கிளப் தரும் சம்பளம்கூடக் கல்லூரியைவிட மேல். இன்று 2025 ஜூன் நீதிமன்றத் தீர்வுக்குப் பின் கல்லூரியே நேரடியாகப் பங்கு தரலாம். 2025-26-க்கு ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். முன்கூட்டியே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 2021-இல் 353 பேர், 2025-இல் 106 பேர். நடுத்தர நிலையில் இருப்பவர்கள் உங்கள் மகனைப் போலவே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கல்லூரியில் தங்குகிறார்கள்.

எதிர்வாதமும் வலுவானதுதான். முதல் 10, 15 இடங்களுக்குள் வரக்கூடிய ஒருவர் ஓராண்டு தாமதித்தால் இழப்பது அந்த முதல் ஆண்டுச் சம்பளத்தை மட்டும் அல்ல. நான்கு ஆண்டு முடிந்ததும் வரும் இரண்டாவது ஒப்பந்தம் அணியின் மொத்தச் சம்பள வரம்பில் 25 சதவீதம் வரை போகலாம். 2025-26 வரம்பு 15.46 கோடி டாலர் என்பதால் அது ஆண்டுக்கு 3.8 கோடிக்கு மேல். அந்த இரண்டாவது ஒப்பந்தம் ஓராண்டு தள்ளிப்போகிறது. உடம்பு ஒத்துழைக்கும் உச்ச ஆண்டுகளில் ஒன்று கழிகிறது. தவிர, கல்லூரியில் தங்கியதால் சரிந்தவர்களும் உண்டு. ஓஹயோ ஸ்டேட்டின் ஜேரட் சலிஞ்சர் 2011-இல் முதல் ஐந்து இடங்களுக்குள் பேசப்பட்டவர்; ஓராண்டு தங்கினார், முதுகுப் பிரச்சினை பற்றிய சந்தேகம் எழுந்தது, 2012-இல் 21-ஆம் இடம். கலிஃபோர்னியா பல்கலையின் ஐவன் ராப் 2016-இல் முதல் சுற்றின் மேல் பாதிக்குள் வருவார் என்றார்கள். திரும்பி வந்து 2017-இல் 35-ஆம் இடத்துக்குப் போனார். ஆனால் இவர்கள் இறங்கியது மேல் படியிலிருந்து. உங்கள் மகன் நிற்கும் இடத்திலிருந்து இழப்பதற்கு அவ்வளவு இல்லை, ஏறுவதற்கு இடமிருக்கிறது. பர்டூவின் ஸாக் ஈடி 2023-இல் பெயர் கொடுத்துத் திரும்பப் பெற்றார். 2024-இல் 9-ஆவதாகத் தேர்வானார்.

நம் வட்டாரத்தில் அடிக்கடி பேசப்படும் இரண்டு பெயர்களையும் சொல்லிவிடுகிறேன். இந்திய வம்சாவளியினரில் முதலில் என்பிஏ ஆட்டத்தில் இறங்கிய சிம் புல்லர் நியூ மெக்ஸிகோ ஸ்டேட்டில் இரண்டே சீசன் ஆடிவிட்டுக் கிளம்பியவர். 2014 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. 2015-இல் சாக்ரமென்டோவுக்காக மூன்று ஆட்டங்களோடு முடிந்தது. உங்கள் ஊர் மாவெரிக்ஸ் 2015-இல் 52-ஆவதாக எடுத்த சத்னாம் சிங் என்பிஏ சீசன் ஆட்டம் ஒன்றில்கூட ஆடவில்லை. "இரண்டாம் சுற்றில் எடுப்பார்கள்" என்ற வாக்கியத்தை ஏஜென்ட் மறுபடி சொல்லும்போது இந்த 52 நினைவுக்கு வரட்டும்.

செய்ய வேண்டிய வேலைகளுக்கு வருகிறேன். பெயர் கொடுக்கும் முன்பே, பயிற்சியாளர் மூலம் என்பிஏவின் அண்டர்கிராஜுவேட் அட்வைசரி கமிட்டியிடம் மதிப்பீடு கேளுங்கள். அது ரகசியமானது, அணி அதிகாரிகளின் கருத்தை வைத்து வருவது. இணையத்தில் உலவும் கணிப்புப் பட்டியல்களைவிட நம்பலாம். ஏப்ரல் கடைசி வாரத்துக்குள் பெயர் போக வேண்டும். மே மாத கம்பைனுக்கு (அணிகள் முன்னிலையில் நடக்கும் அளவீட்டு, சோதனை முகாம்) அழைப்பு வருகிறதா என்பதே ஒரு பதில். வராவிட்டால் டிராஃப்ட் பேச்சை இந்த ஆண்டுக்கு அதோடு நிறுத்திவிடலாம். அழைப்பு வந்தால் போய் அளவெடுத்துக்கொள்ளட்டும், அணிகளின் தனிப் பயிற்சிகளில் ஆடட்டும், எது குறை என்று அவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும்.

பலர் சறுக்குவது தேதியில்தான். கல்லூரி ஆட்டத் தகுதியைக் காப்பாற்றும் என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளுக்கான அமைப்பு) கெடு, கம்பைன் முடிந்து பத்து நாளில் வந்துவிடும். என்பிஏவின் சொந்தக் கெடு அதற்குப் பின்னால், டிராஃப்டுக்குப் பத்து நாள் முன். இரண்டாவதைப் பார்த்துக்கொண்டு முதலாவதைத் தவறவிட்டால் கல்லூரிக் கதவு மூடிவிடும். பெயர் நீக்கும் கோரிக்கை என்பிஏவுக்கு எழுத்தில் போக வேண்டும்; பயிற்சியாளரிடம் வாயால் சொன்னது செல்லாது. ஜி லீக்கில் ஆடிய சிலரைக் கல்லூரிகள் 2025-இல் சேர்த்துக்கொண்டது உண்மை. அவர்கள் முன்பு கல்லூரியில் ஆடாதவர்கள். அதை நம்பி நீங்கள் திட்டம் போட வேண்டாம்.

ஏஜென்ட் என்சிஏஏ சான்று பெற்றவரா என்று முதலில் பாருங்கள். கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞர் படிக்கட்டும். மகன் கல்லூரிக்குத் திரும்பினால் அந்த உறவு முடிகிறது என்ற வரி அதில் இருக்க வேண்டும். என்பிஏ சம்பளத்தில் ஏஜென்ட் கட்டணத்துக்கு ஆட்டக்காரர் சங்கம் 4 சதவீத வரம்பு வைத்திருக்கிறது. விளம்பரப் பணத்துக்கு அந்த வரம்பு கிடையாது, 10-லிருந்து 20 சதவீதம் வரை கேட்பவர்கள் உண்டு. இரண்டையும் ஒரே தாளில் கலந்து எழுதினால் பிரிக்கச் சொல்லுங்கள்.

60,000 டாலர் கடன் விஷயம்: டிராஃப்டில் நிற்பது என்று முடிவான பிறகு பயிற்சி, தங்குமிடம், சாப்பாட்டுச் செலவை ஏஜென்ட் ஏற்பதுதான் இந்தத் தொழிலின் நடைமுறை. ஏஜென்டை மாற்றினால் திருப்பித் தர வேண்டுமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மகனை இவ்வளவு நிச்சயமாக நம்பும் ஏஜென்ட் உங்கள் வீட்டின் மேல் கடன் எடுக்கச் சொல்கிறார் என்றால், அவர் தன் பணத்தை வைக்கத் தயங்குகிறார் என்று பொருள். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அவரை மாற்றுவேன்.

கல்லூரி ஒப்பந்தத்தில் நான்கு இடங்களைத் தேடுங்கள்: பணம் மாதாமாதமா, மொத்தமாகவா, காயம்பட்டு ஆடாவிட்டாலும் வருமா, வேறு கல்லூரிக்கு மாறினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும், பயிற்சியாளர் மாறினால் என்ன ஆகும். விளம்பரப் பகுதியை உறுதியான வருமானமாக எண்ணாதீர்கள். 600 டாலருக்கு மேற்பட்ட ஒவ்வொரு வெளி ஒப்பந்தமும் என்ஐஎல் கோ என்ற சரிபார்ப்புக்குப் போகிறது; உண்மையான விளம்பர வேலை இல்லாமல் வெறும் பெயருக்குப் போட்டது என்று தோன்றினால் நிராகரிப்பார்கள். வாழ்நாள் முழுதும் ஆட முடியாமல் போவதற்கான காப்பீட்டுக்குக் கல்லூரியே பிரீமியம் கட்டுமா என்றும் கேளுங்கள். கட்ட விதியில் இடமுண்டு.

இந்தப் பணத்தில் வரி பிடித்துத் தர மாட்டார்கள். சுயதொழில் வருமானமாகவே வரும். ஒவ்வொரு தவணையிலும் 38 சதவீதத்தைத் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15 என்று நான்கு தவணையாக வரி போக வேண்டும். சென்ற ஆண்டு வரி அளவுக்குக் கட்டினாலே அபராதம் இல்லை என்று கணக்காளர் சொல்வார், அது சரிதான். ஆனால் சென்ற ஆண்டு வருமானம் சொற்பம் என்றால் மறு ஏப்ரலில் மூன்று லட்சம் டாலர் பில் ஒரே நாளில் வந்து நிற்கும். பணம் அதற்குள் காராக மாறியிருக்கக் கூடாது. சுயதொழில் வருமானத்துக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. ஏஜென்ட் கட்டணத்தைச் செலவாகக் கழிக்கலாம் (என்பிஏ சம்பளத்தில் முடியாது), சோலோ 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு தொடங்கி 2025 வரம்பான 70,000 டாலர் வரை ஒதுக்கலாம். நான் மேலே போட்ட கணக்கில் இதைச் சேர்க்கவில்லை.

உங்கள் மனைவியின் கவலைக்கு ஒரு வழி இருக்கிறது. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்தின் 40 சதவீதமாவது முடித்திருந்தால்தான் ஆடவே முடியும் என்பது என்சிஏஏ விதி. 120 கிரெடிட்டில் 48. அவன் 60-இல் இருந்தால், இரண்டு கோடை வகுப்புகளும் கூடுதல் பாடங்களும் சேர்த்து மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்துக்கு வெகு அருகில் வந்துவிடலாம். வில்லனோவாவில் ஜேலன் பிரன்சன் மூன்றே ஆண்டில் பட்டம் முடித்துவிட்டு 2018-இல் 33-ஆவதாகப் போனார். நடுவில் விட்டுப் போனாலும் பின்னர் வந்து முடிக்கக் கல்லூரி கட்டணம் ஏற்கும் என்பதை இப்போதே எழுத்தில் வாங்குங்கள். புதிய பயிற்சியாளர் வந்த பிறகு கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

தென்னந்தோப்பு: அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டைதாரர் இந்தியாவில் வீடு, மனை வாங்கலாம், விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க முடியாது. இங்கே பிறந்த மகனுக்கும் அதே விதிதான். உறவினர் பெயரில் வாங்கிப் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அது பினாமிச் சட்டத்தில் மாட்டலாம். இந்திய மியூச்சுவல் ஃபண்டிலும் மகன் பெயரில் போட வேண்டாம். அமெரிக்க வரித்துறை அவற்றைத் தனி விதியில் கடுமையாக நடத்துகிறது, படிவ வேலைக்கே லாபம் கரைந்துவிடும். அவன் பணம் அவன் பெயரில் இங்கேயே, முதல் இரண்டு ஆண்டுக்கு டிரஷரி பில்களில் (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்கள்) இருக்கட்டும்.