அவசர சிகிச்சையும் ஸ்கேன் படங்களும்: கதிரியக்க மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: விபத்தில் அடிபட்ட என் தந்தையின் தலை சி.டி. ஸ்கேன் பிலிமைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா, ஐயா?

பதில்: இயலாது, காரணத்தைச் சற்று விரித்தே சொல்கிறேன். சி.டி. கருவி ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியையும், தண்ணீரை 0 என்றும் காற்றை -1000 என்றும் கொண்டு, ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் எண்ணாகப் பதிகிறது. எண்கள் ஆயிரக்கணக்கில் விரிபவை. சாதாரணத் திரை காட்டுவதோ 256 சாம்பல் நிறங்களை. எனவே மூளையைப் பார்க்க ஏறத்தாழ 0 முதல் 80 வரையிலான எண்களை மட்டும் விரித்துக்கொள்கிறோம். இந்த வரம்பை விண்டோ என்போம். அதில் 80-ஐத் தாண்டியவை எல்லாம் ஒரே வெள்ளைதான். மண்டையோட்டின் உட்புறத்தில் மெல்லியதாகப் படிந்த புதிய இரத்தம் எலும்பின் வெண்மையோடு கலந்து மறைந்துவிடலாம். விண்டோவை அகலப்படுத்தினால் தனியே பிரிந்து தெரியும். பிலிமில் அச்சான பின் அதை மாற்ற வழியில்லை. கருவி பதிந்த எண்களை அப்படியே வைத்திருக்கும் டைகாம் கோப்புகள் உள்ள குறுந்தகட்டைக் கேட்டு வாங்குங்கள். அவருக்கு வாந்தியோ மயக்கமோ இருந்தால் குறுந்தகட்டுக்காகக்கூடக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: நான் இரவுப் பணி மருத்துவன். வாட்ஸ்அப் படத்தை வைத்தே பெரிய இரத்தக்கசிவைக் கண்டறிந்து அறுவை சிகிச்சைக்கு அனுப்பியிருக்கிறோம். அதுவும் தவறா?

பதில்: தவறன்று. ‘கசிவு இருக்கிறது’ என்று சொல்ல அந்தப் படம் போதும். ‘இல்லை’ என்று சொல்லப் போதாது.

மீண்டும் அவரே: நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாமா என்பதுதானே இரவில் எழும் கேள்வி? எங்களுக்கு அந்த ‘இல்லை’தான் வேண்டும்.

பதில்: அதனால்தான் மூலக் கோப்பை அனுப்பச் சொல்கிறேன். 5 மி.மீ. தடிமனில் 30 படங்கள் என்றால் ஏறத்தாழ 15 மெகாபைட்; திருமண வீடியோவைவிடச் சிறியது. அடிபட்ட இடத்தையும் எழுதுங்கள். ‘தலைவலி’ என்ற ஒற்றைச் சொல்லோடு வரும் ஸ்கேனில் எங்கே உற்றுப் பார்ப்பது?

கேள்வி: பக்கவாதம் வந்த 1 மணி நேரத்தில் எடுத்த சி.டி. ‘இயல்பு’ என்றது; மறுநாள் எம்.ஆர்.ஐ.யில் அடைப்பின் பாதிப்பு தெரிந்தது. முதல் ரிப்போர்ட் பிழையா?

பதில்: பெரும்பாலும் பிழையன்று. முதல் சில மணி நேரத்தில் அது சி.டி.யில் தெரியாமலிருப்பது வழக்கமே. கசிவு இல்லை என்று உறுதிசெய்யவே அந்த ஸ்கேன்; அதன் பிறகே, பக்கவாதம் தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட இயலும்.

கேள்வி: அம்மாவின் இடுப்பு எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தெளிவாகவே படமெடுத்திருக்கிறேன். இப்போது அனுப்பலாமா?

பதில்: வெளிச்சம் போதவில்லை என்று நான் சொல்லவே இல்லை. குறுந்தகடு.